கதவுப் பூட்டு வேலை செய்யாவிட்டால் முதலில் கம்பியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் மின்பணியாளர் பிரிவில் 27 ஆண்டுகள் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கார் கதவுகளின் மின்பூட்டில், அதாவது நாம் எல்லோரும் சென்ட்ரல் லாக் என்று சொல்லும் அமைப்பில், பழுது என்று போனால் எதையும் சோதித்துப் பார்க்காமலேயே உதிரிப் பாகத்தை மாற்றிவிடும் வழக்கம் பரவிவிட்டதைக் கண்டு மனம் பொறுக்காமல் இதை எழுதுகிறேன். ஒரு முழ வயரில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, அதன் பிறகும் பழுது நீங்காமல் அலைகிறவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். சென்ற ஐப்பசியில் நானே அப்படி அலைந்தேன்.

என் கார் வாங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து வீட்டு வாசலில் நிறுத்தியபோது, இடப்பக்கப் பின்கதவு மட்டும் திறக்க மறுத்தது. ரிமோட்டை அழுத்தினால் மற்ற மூன்று கதவுகளும் ‘டக்’கென்று விடுபட்டன, அந்தக் கதவில் ஓசையே இல்லை. குழந்தைப் பூட்டும் போட்டிருந்ததால் உள்ளேயிருந்த கைப்பிடியால் பயனில்லை. குமிழை மேலே இழுக்க ஆறு வயதுப் பிள்ளையின் விரலுக்கு வலு போதவில்லை. வலப்பக்கக் கதவு வழியாக அவளை இறக்கிவிட்டேன். அன்று நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்தக் கதவும் வலப்பக்கக் கதவும் ஒன்றாக மறுத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்ற நினைப்பு இரவெல்லாம் என்னை விட்டுப் போகவில்லை.

மறுநாள் வண்டியை ஒரு பழுதுபார்க்கும் நிலையத்தில் விட்டேன். லாக் மோட்டார் போய்விட்டது என்றார்கள். புதியது மாட்டிக் கூலியோடு 3,200 ரூபாய் வாங்கினார்கள். ஒன்பது நாள் வேலை செய்தது. பத்தாம் நாள் பழையபடியே கதவு ஊமையாயிற்று. திரும்பப் போனபோது, எல்லாக் கதவுகளுக்கும் கட்டளை அனுப்பும் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்ற வேண்டும் என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இரண்டு முறையும் யாரும் ஒரு டெஸ்ட் லேம்ப்பைக் கூட, அதாவது வயரில் மின்சாரம் வருகிறதா என்று எரிந்து காட்டும் சோதனை விளக்கைக் கூட, கையில் எடுக்கவில்லை. கழற்றிய பழைய மோட்டாரைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் அதன் இரண்டு முனைகளையும் ஒரு கணம் தொட்டேன். தண்டு வெளியே பாய்ந்தது. முனைகளை மாற்றித் தொட்டேன், உள்ளே இழுத்துக்கொண்டது. நல்ல மோட்டாரைத்தான் கெட்டது என்று கழற்றியிருக்கிறார்கள். அந்த நிலையத்தின் பெயரைச் சொல்லிக் குறை கூறுவது என் நோக்கம் அன்று. அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் கெட்ட எண்ணம் உள்ளவர்களும் அல்லர். சோதிக்கும் பழக்கத்தை அவர்களுக்கு யாரும் ஊட்டவில்லை என்பதே என் வருத்தம்.

பழுது எங்கே இருந்தது? கதவுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே, கீல் பக்கத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர்க் குழாய் இருக்கும். கதவை முழுவதும் திறந்து, கீலோரம் குனிந்து பார்த்தால் கண்ணில் படும். கதவுக்குள் இருக்கும் கண்ணாடி மோட்டார், ஸ்பீக்கர், பூட்டு ஆகிய எல்லாவற்றுக்குமான வயர்கள் அதற்குள்தான் ஓடுகின்றன. கதவைத் திறக்கும்போதும் மூடும்போதும் அந்த வயர்கள் ஒரே இடத்தில் மடிந்து நிமிர்கின்றன. ஒரு கதவை நாளொன்றுக்குப் பத்து முறை திறந்து மூடினால் ஆண்டுக்கு 3,650 முறை. பத்தாண்டில் 36,500 முறை. ஒரு செப்புக் கம்பியை விரல்களுக்கிடையே வைத்து முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் எப்படி ஒடிகிறதோ அப்படித்தான் அங்கேயும் இழை இழையாக ஒடிகிறது. செம்பு ஒடிந்த பின்னும் மேலே இருக்கும் உறை கிழியாமல் நிற்பதால், பார்ப்பவர் கண்ணுக்கு வயர் முழுதாகவே தெரியும். அதனால்தான் இந்தப் பழுது இவ்வளவு எளிதாக ஏமாற்றிவிடுகிறது.

புதிய மோட்டார் போட்ட பிறகு ஒன்பது நாள் வேலை செய்ததற்கும் காரணம் அங்கேயே இருந்தது. கதவின் உட்பலகையைக் கழற்றி மாட்டியபோது வயர்கள் அசைந்து, ஒடிந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டு நின்றிருக்கின்றன. அந்தத் தொடுதல் கலைந்ததும் கதவு மறுபடி நின்றுவிட்டது. உதிரிப் பாகம் மாற்றியதும் சரியாகி, சில நாளில் மீண்டும் கெட்டால், மாற்றிய பாகத்தைக் குறை சொல்வதற்கு முன் கீலோரத்தை ஐயப்பட வேண்டும் என்பதற்கு என் காரே சாட்சி.

இந்த அமைப்பு வேலை செய்யும் விதத்தைச் சற்று விளக்கினால்தான் அடுத்துச் சொல்லப்போவது விளங்கும். ஒரு கதவின் பூட்டு மோட்டாருக்கு இரண்டே கம்பிகள். பூட்டாமலும் திறக்காமலும் சும்மா இருக்கும் நேரத்தில் அந்த இரண்டும், கட்டுப்பாட்டுப் பெட்டியில் உள்ள ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சுகள்) வழியாக, பாடி எர்த்தோடு, அதாவது பேட்டரியின் நெகடிவ் முனை இணைந்திருக்கும் வண்டியின் உலோக உடலோடு, சேர்ந்திருக்கும். பூட்டு என்று கட்டளை வந்ததும் ஒரு கம்பிக்கு மட்டும் ஒரு விநாடிக்கும் குறைந்த நேரம் பன்னிரண்டு வோல்ட் கிடைக்கும். மற்றொரு கம்பி வழியே மின்சாரம் எர்த்துக்குத் திரும்பும். திற என்ற கட்டளைக்கு இதே ஏற்பாடு தலைகீழாகும். மின்சாரம் எதிர்த்திசையில் பாய்வதால் மோட்டாரும் எதிர்த்திசையில் சுழல்கிறது. பழைய மாடல்களிலும், வண்டி வாங்கிய பின் வெளிக்கடையில் பொருத்தும் கிட்களிலும் இதுதான் முறை. அத்தகைய கிட்களில் பெரும்பாலும் மோட்டார்க் கம்பிகள் நீலமும் பச்சையுமாக இருக்கும். ஓட்டுநர் கதவில் மட்டும் கூடுதலாக மூன்று கம்பிகள், வெள்ளை, பழுப்பு, கறுப்பு நிறங்களில், சாவியைத் திருப்பியதைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவிப்பதற்காகப் போகும்.

இதிலிருந்து சில முடிவுகளைப் பலகையைக் கழற்றாமலேயே எட்டலாம். நான்கு கதவுகளும் ஒருசேர நின்றுவிட்டால் முதலிலேயே கதவு வயர்களைத் தேடுவதில் பயனில்லை. ஃபியூஸையும், கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வரும் மின்சாரத்தையும், அதன் எர்த் இணைப்பையும் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் பொத்தானுக்கு வேலை செய்து, ரிமோட்டுக்குச் செய்யாவிட்டால் ரிமோட்டின் சின்ன பேட்டரியை மாற்றிப் பார்த்தாலே போதுமானதாக இருக்கலாம். ரிமோட்டுக்கு எல்லாக் கதவுகளும் பணிந்து, ஓட்டுநர் கதவில் சாவியைத் திருப்பும்போது மட்டும் மற்றவை அசையவில்லை என்றால், நான் மேலே சொன்ன மூன்று கம்பிகளில் ஒன்று போயிருக்கலாம். ஒரே ஒரு கதவு மட்டும் நின்றால் அந்தக் கதவின் கீலோரமும், அதன் பிறகே மோட்டாரும். இதில் பலரும் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு கம்பிகளில் எது அறுந்தாலும் அந்தக் கதவு பூட்டவும் செய்யாது, திறக்கவும் செய்யாது. ஏனென்றால் ஒன்று போகும் வழி, மற்றொன்று திரும்பும் வழி. ஆகவே ஒரு கதவு ஒழுங்காகப் பூட்டிக்கொண்டு, திறக்க மட்டும் மறுத்தால் அது பெரும்பாலும் கம்பி அறுந்த பழுது அன்று. பூட்டின் தண்டுகளில் இறுக்கம் இருக்கலாம், அல்லது எண்ணெய்ப் பசை காய்ந்து அழுக்குச் சேர்ந்திருக்கலாம். எல்லாக் கதவுகளும் அப்படிச் செய்தால் ரிலே தேய்ந்திருக்கலாம்.

காசில்லாத சோதனை ஒன்று உண்டு. கதவைப் பாதி திறந்து வைத்து, வேறொருவரைப் பொத்தானை அழுத்தி அழுத்தி விடச் சொல்லிவிட்டு, நாம் அந்த ரப்பர்க் குழாயை விரல்களால் பிடித்து மெல்ல வளைக்க வேண்டும். கதவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மூட வேண்டும். ஏதோ ஒரு கோணத்தில் பூட்டு உயிர்பெற்றுத் துடித்தால் பழுது அங்கேதான் என்பதில் ஐயமில்லை. பிறகு ரப்பரைக் கழற்றிப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஒவ்வொரு வயராக இரு பக்கமும் பிடித்து மிருதுவாக இழுத்துப் பார்க்கலாம். நல்ல வயர் நீளாது. உள்ளே செம்பு அறுந்த வயரோ, உறை மட்டுமே மிஞ்சியிருப்பதால், ரப்பர் போல நீண்டு கொடுக்கும். என் காரில் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தது இப்படித்தான்: ஒரு கம்பி முழுவதும் அறுந்திருந்தது, இன்னொன்றில் இரண்டே இழைகள் பிடித்துக்கொண்டிருந்தன.

அந்த இரண்டு இழைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நல்ல தொழிலாளிகளும் அங்கேதான் தவறுகிறார்கள். மோட்டாரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைத்து அளந்தால், இரண்டு இழைகளே மிஞ்சிய கம்பியிலும், ஏன், ஒரே ஒரு இழை மிஞ்சிய கம்பியிலும் பன்னிரண்டு வோல்ட் முழுமையாகக் காட்டும். மீட்டர் தன் வழியே மின்னோட்டத்தை அநேகமாக எடுத்துக்கொள்வதே இல்லை என்பதால், வழியில் எவ்வளவு தடை இருந்தாலும் அதற்குத் தெரியாது. ‘கரண்ட் வருகிறது, ஆகவே மோட்டார்தான் கெட்டது’ என்ற தவறான தீர்ப்பு இங்கேதான் பிறக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மோட்டாரின் தடை மூன்று ஓம் என்றும், நைந்துபோன கம்பியில் களிம்பேறிய, அதாவது நீர்பட்டுச் செம்பு பச்சை பூத்த, இடத்தின் தடை பத்து ஓம் என்றும் வைத்துக்கொண்டால், மின்னோட்டம் ஓர் ஆம்பியரைக்கூட எட்டாது. பன்னிரண்டு வோல்ட்டில் மோட்டாருக்குக் கிடைப்பது மூன்று வோல்ட்டுக்கும் குறைவு. மோட்டார் எப்படி அசையும்? எனவே இந்த வேலைக்கு மீட்டரைவிடப் பழைய டெஸ்ட் லேம்ப் மேலானது. அதிலும் சிறிய இண்டிகேட்டர் எல்இடி வேண்டாம். பிரேக் விளக்கில் போடும் 21 வாட் பல்பு ஒன்றை எடுத்து இரண்டு வயர் இணைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். அந்தச் சுமையைத் தாங்கிப் பளிச்சென்று எரியவிட்டால்தான் கம்பி நல்ல கம்பி. பூட்டும் கட்டளை ஒரு விநாடிகூட நீடிக்காது என்பதால் எண்ணில் காட்டும் மீட்டர் நிலைகொள்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பல்பின் மின்னலோ கண்ணுக்குத் தப்பாது.

சோதிக்கும் முறை இது. மோட்டாரின் கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகியை) கழற்றிவிட்டு, வயரிங் பக்கத்து இரண்டு முனைகளுக்கும் குறுக்கே பல்பை வைத்து, பூட்டு, திற என்று மாறி மாறி அழுத்தச் சொல்ல வேண்டும். இரண்டு முறையும் நன்றாக எரிந்தால் வயரிங்கில் குறையில்லை, மோட்டாரைப் பார்க்கலாம். எரியாவிட்டால் பல்பின் ஒரு முனையைப் பாடி எர்த்தில் வைத்து, ஒவ்வொரு கம்பியாகத் தொட வேண்டும். பூட்டும்போது ஒரு கம்பியிலும் திறக்கும்போது மற்றொன்றிலும் எரிய வேண்டும். எந்தக் கம்பியில் எரியவில்லையோ அதுதான் அறுந்தது. மங்கலாக எரிந்தால் அது இழைகள் நைந்த கம்பி. இன்றைக்கு வேலை செய்தாலும் அடுத்த மழையில் நின்றுவிடும்.

இரண்டு எச்சரிக்கைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏர்பேக் உள்ள வண்டிகளில் அதன் வயர்களும் கப்ளர்களும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவற்றில் டெஸ்ட் லேம்ப்பையோ மீட்டரையோ எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது. வயரை வெட்டத் தொடங்குவதற்கு முன் பேட்டரியின் நெகடிவ் இணைப்பைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். அடுத்தது, புதிய மாடல்கள் பலவற்றில் கதவுக்குள்ளேயே ஒரு சிறு கணினிப் பெட்டி இருக்கிறது; அதற்குப் போகும் மெல்லிய வயர்களில் ஓடுவது மோட்டாருக்கான மின்சாரம் அன்று, தகவல். அங்கே 21 வாட் பல்பை வைத்தால் பெட்டியே பழுதாகிவிடக் கூடும். அத்தகைய வண்டியில் அந்த மாடலின் வயரிங் படத்தைக் கையில் வைத்திருப்பவரே தொட வேண்டும். ஆனாலும் கீலோரத்தில் வயர் மடிந்து ஒடியும் என்ற விதி அந்த வண்டிகளுக்கும் மாறவில்லை. கண்ணால் பார்க்கும் சோதனையை அங்கேயும் முதலில் செய்யலாம்.

பழுதைக் கண்டுபிடித்த பிறகும் அதைச் செப்பனிடும் முறையில்தான் தொழிலின் தரம் தெரியும். அறுந்த இரு முனைகளையும் உரித்து, முறுக்கி, கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, ரப்பருக்குள் திணித்துவிடுவதே பரவலாக நடக்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அந்த டேப்பின் பசை உருகி வழிந்து, டேப் அவிழ்ந்து, இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு, கதவுகள் தாமாகவே பூட்டிக்கொண்டு சாவி உள்ளே மாட்டிக்கொண்ட வண்டிகளை நான் கண்டிருக்கிறேன். முறுக்கிய இடத்தை ஈயம் வைத்துப் பற்றவைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் இந்த இடத்துக்குப் பொருந்தாது. ஈயம் உருகி இழைகளுக்கிடையே ஏறி அந்தப் பகுதியைக் குச்சி போல விறைக்க வைத்துவிடுகிறது. விறைத்த பகுதியும் நெகிழும் பகுதியும் சந்திக்கும் விளிம்பில் கம்பி முன்னிலும் விரைவாக ஒடியும். ஈயப்பற்று கெட்டது என்று நான் சொல்லவில்லை. என் பணிக்காலம் முழுவதும் அதைத்தான் மாணவர்களுக்குக் கற்பித்தேன். மடிகிற இடத்தில் எந்த இணைப்பும் இருக்கக் கூடாது என்பதே விதி.

ஆகவே ரப்பருக்குள் இருக்கும் ஒரு சாண் பகுதியைப் பழுது பார்ப்பதைவிட, அதை முழுவதுமாக வெட்டி எடுத்துவிட்டு, ஒரு முழ நீளப் புது வயரை இடையில் சேர்ப்பதே சரி. அப்போது ஓர் இணைப்பு கதவுக்குள்ளும், மற்றொன்று வண்டியின் தூணுக்குள்ளும் அமைந்துவிடும். நடுவில் மடியும் பகுதி இணைப்பே இல்லாத புது வயராக இருக்கும். அந்த வயர் பழையதன் பருமனுக்குக் குறையாமலும், மெல்லிய இழைகள் பல கொண்டதாகவும் இருக்க வேண்டும். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒற்றை இழைக் கம்பியை இதற்குப் பயன்படுத்துவது, நோயாளிக்கு அதே நோயைத் திரும்பக் கொடுப்பதாகும். பழைய வயரை வெட்டும்போது செம்பு பளபளப்பாகத் தெரியும்வரை பின்னால் போய் வெட்ட வேண்டும். நீர் புகுந்த வயரில் களிம்பு உறைக்குள்ளேயே வெகுதூரம் ஊர்ந்து போயிருக்கும். பச்சையாகவோ கறுப்பாகவோ இருக்கும் செம்பில் எந்த இணைப்பும் நிலைக்காது. செம்பில் களிம்பு உடனாகவே இருப்பது என்று சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கு உவமை சொல்வார்கள். வயரிங் வேலை செய்கிறவனுக்கு அந்த உவமையின் உண்மை கைவிரலிலேயே தெரியும்.

பல வயர்களை மாற்ற நேர்ந்தால் ஒவ்வொன்றாக வெட்டிச் சேர்ப்பது நல்லது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெட்டிவிட்டால் நிறம் மாறி இணைக்கும் பிழை நேரும். இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து பருத்துவிடாதபடி ஒன்றுக்கொன்று இரண்டு விரற்கடை தள்ளி அமைக்க வேண்டும். சரியான அளவுக் குழல் இணைப்பை அதற்குரிய குறடால் நசுக்கலாம், அல்லது ஈயம் வைக்கலாம். எதுவானாலும் அதன் மேல், உட்புறம் பசை உள்ள வெப்பச்சுருக்கு ஸ்லீவைப் போட்டுச் சூடு காட்டினால் அது சுருங்கிப் பிடித்துக்கொள்ளும், நீர் புகாது. அதற்கு மேல் துணி டேப்பைச் சுற்ற வேண்டும். ரப்பருக்குள் வயர்கள் நுழைய மறுத்தால் முகப்பவுடரைத் தூவினால் வழுக்கிக்கொண்டு போகும். கடைசியாகக் கதவை முழுவதும் திறந்து, எந்த வயரும் விறைத்து நிற்கவில்லை, எல்லாவற்றுக்கும் சற்றுத் தளர்வு இருக்கிறது என்று பார்த்த பிறகே ரப்பரின் இரு முனைகளையும் அதனதன் துளையில் ஒழுங்காக உட்கார வைக்க வேண்டும். அது சரியாக உட்காராவிட்டால் மழைநீர் அதே வழியாக இறங்கும். கதவின் உட்பலகைக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் தாளையும் கிழித்து எறியாமல் திரும்ப ஒட்ட வேண்டும். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் நீர் வண்டிக்குள் வராமல் தடுப்பது அதுதான். கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளில் மண் அடைத்திருந்தால் ஒரு குச்சியால் குத்திவிடுவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

ஃபியூஸைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனம் வராது. கீலோரத்தில் வயர் அறுவது ஒரு வகைப் பழுது என்றால், உறை தேய்ந்து செம்பு வெளியே வந்து தகரத்தைத் தொடுவது மற்றொரு வகை. அப்போது, அந்த வயரில் மின்சாரம் இருக்கும் நேரத்தில் கதவு குறிப்பிட்ட கோணத்துக்கு வந்தாலே ஃபியூஸ் போகும். ஏன் போகிறது என்று தேடாமல், பதினைந்து ஆம்பியர் போட வேண்டிய இடத்தில் முப்பது ஆம்பியர் போடுகிறார்கள்; அதுவும் கைவசம் இல்லாதபோது செப்பிழையைச் சுற்றி வைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு அந்தச் சுற்றில் உருகக் கூடிய பொருள் வயர் மட்டுமே. அந்த வயர் ஓடுவது இருக்கைக்கும் தரைவிரிப்புக்கும் கதவின் பிளாஸ்டிக் பலகைக்கும் நடுவே. தீப்பிடித்த வண்டியில் கதவுப் பூட்டின் வயரே முதலில் எரிந்து, கதவு திறக்க முடியாமல் போவதைவிடக் கொடுமை வேறு என்ன இருக்க முடியும்? ஃபியூஸ் பெட்டியின் மூடியில் எந்த இடத்துக்கு எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டே இருக்கும். ஒரே ஃபியூஸ் இரண்டாம் முறை போனால் மூன்றாவதை மாட்டுவதற்கு முன் தேய்ந்த வயரைத் தேடியே ஆக வேண்டும்.

எங்கள் பகுதியில் கதவுப் பூட்டுப் பழுதுக்கு மற்றொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையைத் தமிழகமே அறியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மில்லிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணி கரையோர ஊர்களில் கதவின் கைப்பிடிவரை நீரில் நின்ற கார்கள் பல. எஞ்சினைக் கழுவி, இருக்கைகளைக் காயவைத்து ஓட்டத் தொடங்கிவிட்டோம்; கதவுக்குள்ளும் தரைவிரிப்புக்கு அடியிலும் இருக்கும் கப்ளர்களை யார் கழற்றிப் பார்த்தார்கள்? சேறு கலந்த நீர் புகுந்த கப்ளர் அன்றே கெடுவதில்லை. மாதக்கணக்கில் பச்சை பூத்து, ஒரு நாள் காரணமே இல்லாதது போல ஒரு கதவு நிற்கும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையிலிருந்து விற்பனைக்கு வந்த பழைய வண்டிகளிலும் இதைக் கண்டேன். பழைய கார் வாங்குகிறவர்கள் ரிமோட்டை அழுத்தி நான்கு கதவுகளும் திறப்பதைப் பார்த்து நிம்மதியடைந்துவிடாமல், கீலோர ரப்பரை ஒருமுறை விலக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே காய்ந்த வண்டல் இருந்தால் அந்த வண்டியின் கதை தெரிந்துவிடும்.

1.7.2019 முதல் தயாராகும் கார்களில் மையப் பூட்டைக் கையாலேயே விடுவிக்கும் வசதி இருக்க வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. மின்சாரம் நின்றாலும் உள்ளே இருப்பவர் வெளியே வர வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் அதற்கு முன் தயாரான இலட்சக்கணக்கான வண்டிகள் இன்னும் சாலையில் ஓடுகின்றன. புதிய வண்டியிலும் அந்தக் குமிழ் எங்கே இருக்கிறது என்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் காட்டிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? வண்டி நிற்கும்போது ஒவ்வொருவரையும் ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொல்வதற்கு ஐந்து நிமிடம் போதும். அதைவிட முக்கியம், ஒரு கதவு நின்றுவிட்டால் ‘மற்ற மூன்றும்தான் திறக்கின்றனவே’ என்று மாதக்கணக்கில் ஓட்டாமல் இருப்பது. என் பேத்தி உட்கார்ந்திருந்த கதவை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

பழுதுபார்க்கும் நிலையங்களுக்கு என் வேண்டுகோள் பெரியது அன்று. பூட்டு மோட்டாரை மாற்றச் சொல்வதற்கு முன் வயரிங்கைப் பல்பு வைத்துச் சோதித்து, அதை வாடிக்கையாளர் கண்முன் எரியவிட்டுக் காட்டுங்கள். கழற்றிய பாகத்தைக் கேட்காமலேயே திருப்பிக் கொடுங்கள். கண்டுபிடிப்பதற்கான உழைப்புக்கு நியாயமான கூலியைத் தனியாகக் கேளுங்கள், தயங்காதீர்கள். பாகத்தை விற்றால்தான் வருமானம் என்ற நிலை இருக்கும்வரை யாரும் வயரைத் தேட மாட்டார்கள் என்பதை நான் அறிவேன். அரை மணி நேரம் குனிந்து தேடி, இருபது ரூபாய் வயரில் பழுதை நீக்கியவருக்கு ஐந்நூறு ரூபாய் கொடுக்க வண்டிக்காரர்களாகிய நாமும் முகம் சுளிக்கக் கூடாது. அவர் நமக்கு மூவாயிரம் ரூபாயை மிச்சப்படுத்தியிருக்கிறார்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் வாகன மெக்கானிக் பிரிவு நடத்தும் என் இளைய தோழர்களுக்கும் ஒன்று. பழைய இரும்புக் கடையில் கீலோடு கூடிய ஒரு பழைய கார் கதவும், பூட்டு மோட்டாரும், சிறிது வயரும் அதிகச் செலவின்றிக் கிடைக்கும். அதை ஒரு சட்டத்தில் பொருத்தி, ஒரு கம்பியை வெட்டி நடுவே, களிம்பேறிய இடத்துக்குப் பதிலாகப் பத்து ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்து, மேலே உறையை மூடி மாணவன் கையில் மீட்டரைக் கொடுங்கள். கப்ளரைக் கழற்றி அளந்தால் பன்னிரண்டு வோல்ட் காட்டும், மாட்டினால் மோட்டார் அசையாது. அவன் திகைத்து நிற்கும்போது பல்பைக் கொடுங்கள். அந்த ஒரு பாடத்தைக் கண்ணால் கண்டவன் தன் தொழில் வாழ்நாளில் நல்ல மோட்டாரைக் கெட்டது என்று கழற்ற மாட்டான்.

என் காரிலிருந்து வெட்டி எடுத்த வயர்த்துண்டின் படங்கள் இரண்டை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். முதல் படத்தில் அது முழுதாகத் தெரியும். உறையில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டாவது, அதே துண்டின் உறையை நீளவாக்கில் பிளந்து எடுத்தது. இடமிருந்தால் இரண்டையும் அருகருகே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பயிற்றுநர் ஒருவர்,
பாளையங்கோட்டை.